லங்காவியில் 1982 தயானா 37: வாங்கலாமா? வாங்கினால் எதை முதலில் மாற்றுவது?

#1 நெய்தல்37

வணக்கம். நானும் மனைவியும் நெடும்பயணத்துக்கு ஒரு பாய்மரப் படகு தேடுகிறோம். மலேசியாவின் லங்காவித் தீவில் கரையேற்றி வைத்திருக்கும் 1982ஆம் ஆண்டுத் தயானா 37 (37 அடி நீள வகை) ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. கட்டர் ரிக் (மாஸ்டுக்கு முன்னால் இரண்டு பாய்), அலுமினிய மாஸ்ட் (பாய்மரம்), பெர்கின்ஸ் 4-108 இன்ஜின், தேக்கு டெக் (மேல்தளம்). ஒரு வருடத்துக்கு மேலாகக் கரையில் நிற்கிறது. ஸ்டாண்டிங் ரிக்கிங் (மாஸ்டை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகள்) எப்போது மாற்றியது என்று விற்பவருக்கே தெரியவில்லை.

திட்டம்: லங்காவி, இலங்கை, மாலத்தீவு, பிறகு மேற்கு இந்தியப் பெருங்கடல், தென்னாப்பிரிக்கா. ஆள் நாங்கள் இருவர் மட்டும். கேள்வி மூன்று. இந்தப் படகு அதற்குத் தாங்குமா? வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்றால் எந்த வேலை முதலில்?

#2 அமரம்

படகு தாங்கும். ராபர்ட் பெரி வரைந்தது, தைவானில் தா யாங் பட்டறையில 1976இல இருந்து கட்டினவை, ஐந்நூறுக்கு மேல கடலில இறங்கினது. வெற்று எடை பத்து டன்னுக்குக் கிட்ட, சாமான் ஏற்றினா பன்னிரண்டு. வேகம் எதிர்பார்க்காதீங்கோ. நாளுக்கு 120, 130 கடல் மைல் என்று கணக்குப் போடுங்கோ. லங்காவியில இருந்து இலங்கையின்ர காலித் துறைமுகம் சுமார் 1,200 கடல் மைல், ஒன்பது பத்து நாள்.

இந்தப் படகுக்கென்றே உள்ள பலவீனங்களைச் சொல்லுறன்.

முதலாவது எரிபொருள் தொட்டி. பழைய தயானாக்களில அது கறுப்பு இரும்பு, அணியத்தில (படகின்ர முன்மூக்கில) படுக்கைக்குக் கீழ இருக்கும், 350 லிட்டர் அளவு பிடிக்கும். டெக் ஒழுகி அந்தப் பக்கம் தண்ணி தேங்கினா தொட்டி வெளியில இருந்து துருப்பிடிக்கும். தொட்டியின்ர மேற்பக்கம் பார்த்துத் திருப்திப்படாதீங்கோ, அடியில விரல் விட்டுத் தடவுங்கோ.

இரண்டாவது கீல், அதாவது அடியில நீட்டி நிற்கிற பாரப்பகுதி. பாரம் ஒரே வார்ப்பிரும்பு, ஃபைபர்கிளாஸ் உறைக்குள்ள இருக்கு. கீல் போல்ட் தொல்லை இல்லை. ஆனா எப்பவாவது தரை தட்டி உறை வெடிச்சிருந்தா உப்புத்தண்ணி உள்ள போய் இரும்பு ஊதும். கீலின்ர அடிவிளிம்பு முழுக்கச் சுத்தியலால தட்டிப் பாருங்கோ. துருநிறத் தண்ணி கசிந்த அடையாளம் இருந்தா விலை பேசவே வேண்டாம், எழும்பி வாங்கோ.

மூன்றாவது செயின்பிளேட், அதாவது ரிக்கிங் கம்பிகளை உடலோட பூட்டுற உலோகத் தகடு. அதைப் பிறகு விரிவா எழுதுறன்.

#3 கொண்டல்

அண்ணே, படகைத் தட்டிப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். எந்த நாட்டுக் கொடியில் பதிவு, பதிவுச் சான்றில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா, உடலில் பொறித்த எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் பொருந்துகிறதா, படகின் மேல் கடன் இருக்கிறதா, யார்டுக்கு வாடகை பாக்கி இருக்கிறதா. பழைய பதிவை நீக்கிய சான்று கையில் வராமல் பல நாடுகளில் புதிய பதிவு கிடைக்காது. அதனால் கடைசித் தவணையை அந்தச் சான்றோடு கட்டிப் போடுங்கள்.

லங்காவி 1987இலிருந்து வரியில்லாத் தீவு. அங்கே வாங்கும் படகைத் தீபகற்பத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் வரி நிலை என்ன என்று சுங்கத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரகர் வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்கமான முறை இது: விலை பேசி முடிந்ததும் பத்து சதவீத முன்பணம், "சர்வேயும் (நிபுணர் சோதனை) கடலோட்டமும் திருப்தி என்றால் மட்டும்" என்ற நிபந்தனையோடு. சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள், தரகர் கைகாட்டும் ஆளை வேண்டாம். பொது சர்வேயர் ரிக்கிங்கைக் கீழே நின்றுதான் பார்ப்பார், இன்ஜினைக் கேட்டுத்தான் பார்ப்பார். மாஸ்ட் மேலே ஏறிப் பார்க்க ஒரு ரிக்கர், இன்ஜினுக்கு ஒரு டீசல் மெக்கானிக், இருவரையும் தனியாகக் கூப்பிடுங்கள். வாங்கும் விலைக்கு இன்னொரு மடங்கு ரீஃபிட்டுக்கு, அதாவது புதுப்பிக்கும் வேலைக்கு, போகும் என்று வைத்துக்கொண்டுதான் பேரத்தில் இறங்க வேண்டும்.

#4 பட்டறை

ஒரு வருடத்துக்கு மேல் கரையில் நின்ற படகு என்பதைக் கவனியுங்கள். ஃபைபர்கிளாஸில் தண்ணீர் ஊறிக் கொப்புளம் (ஆஸ்மோசிஸ்) வந்த உடல்கூட நீண்ட நாள் காய்ந்தால் கொப்புளம் அமுங்கி மறைந்துவிடும். ஈரமானியும் குறைந்த அளவே காட்டும். அதனால் அடிப்பூச்சை நாலைந்து இடத்தில் உள்ளங்கை அகலம் சுரண்டி ஜெல்கோட் என்ற வெளித்தோலைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பழைய கொப்புளத்துக்கு வட்டமான விளிம்புத் தடம் இருக்கும். குத்தினால் புளித்த காடி வாசனையில் திரவம் வரும். சில்லறைக் கொப்புளம் நூறு இருந்தாலும் படகு மூழ்காது, அது விலையைக் குறைக்கும் காரணம் மட்டுமே. ஃபைபர் அடுக்குகளே பிரிந்திருந்தால் வேறு கதை. அங்கே சுத்தியல் ஓசை மந்தமாகக் கேட்கும்.

இந்தப் படகில் எனக்குப் பெரிய கவலை தேக்கு டெக்தான். அந்தக் காலத்துத் தைவான் டெக்கில் பலகைகளை ஆயிரக்கணக்கான திருகாணிகளால் கீழே உள்ள ஃபைபர்கிளாஸில் முடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு திருகாணியும் டெக்கின் இரு ஃபைபர்கிளாஸ் தோலுக்கு நடுவே உள்ள நடுச்சத்துக்குள் தண்ணீர் இறங்க ஒரு வழி. நடுச்சத்து ஒட்டுப்பலகைத் துண்டுகளாகவோ பால்சா என்ற மென்மரமாகவோ இருக்கும், இரண்டும் அழுகும். மாஸ்ட் காலடி, சன்னல் ஓரம், ஓரக் கம்பிவேலியைத் தாங்கும் ஸ்டாஞ்சன் அடித்தளம், இந்த மூன்று இடத்திலும் வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். அமுங்கினாலோ பலகை இடுக்கில் பழுப்புத் தண்ணீர் பிதுங்கினாலோ உள்ளே சத்து போய்விட்டது.

என் தீர்ப்பு: வாங்கினால் தேக்கை முழுக்கக் கழற்றிவிடுங்கள். துளைகளைக் கூம்பாக அகலப்படுத்தி, கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் அடைத்து, அழுகிய இடத்தில் மேல்தோலை அறுத்துப் புதுச் சத்து வைத்து, மேலே இரண்டு அடுக்கு கண்ணாடி இழைத் துணி, பிறகு வழுக்காத பூச்சு. எடை குறையும், ஒழுகல் தீரும், நண்பகலில் கால் சுடுவதும் குறையும்.

#5 தண்டயல்

பட்டறை சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். டெக் முழுக்கத் தேக்கைக் கழற்றுவது இரண்டு பேருக்கு மாதக்கணக்கில் வேலை. நடுச்சத்து காய்ந்திருக்கும் இடத்தில் அது அவசியமே இல்லை. பலகை 6 மி.மீ. தடிப்புக்கு மேல் இருந்தால் இடுக்குப் பசையைச் சுரண்டிப் புதிதாகக் கலப்பத்து பார்த்து (இடுக்கு அடைத்து), தலை வெளித்தெரியும் திருகாணிகளை மட்டும் எடுத்து எப்பாக்ஸியில் அடைத்து மரமுளை வைத்தால் இன்னும் பல வருடம் ஓடும். இவர்கள் கேட்டது பணம் போதாதபோது எது முதல் என்று. தேக்கை உரிக்கத் தொடங்கினால் அந்த ஒரு வேலையே வருடத்தைத் தின்றுவிடும்.

#6 பட்டறை

தடிப்பு 6 மி.மீ. இருந்தால் உங்கள் பேச்சு சரி. நாற்பது வருடம் தேய்த்துக் கழுவிய பலகையில் அவ்வளவு மிஞ்சியிருப்பது அபூர்வம். அளந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். அளக்க ஒரு திருகாணி முளையைப் பெயர்த்தால் போதும்.

#7 கயல்

இழையைத் தொடங்கியவரின் மனைவி நான். எல்லாவற்றையும் படித்தேன். பலகையை அளக்கிறோம். எனக்கு வேண்டியது கால வரிசை. சனவரியில் வாங்கினால் அடுத்த சனவரியில் கிளம்ப முடியுமா? எந்த மாதம் எந்த வேலை?

#8 அமரம்

கயல் கேட்டதுதான் இதில சரியான கேள்வி, பலபேர் இதில்தான் ஒரு வருஷம் இழக்கினம்.

லங்காவியில இருந்து இலங்கைக்குப் போக வடகிழக்குப் பருவக்காற்று வேணும். சனவரியும் பெப்ரவரியும் நல்ல மாதங்கள், மார்ச் பிந்தினா காற்று செத்துப்போகும். மே மாதம் தென்மேற்கு தொடங்கினாப் பிறகு அந்தப் பக்கம் தலை வைக்கக் கூடாது. இப்ப பாருங்கோ, லங்காவியில மழை இல்லாத மாதங்களும் அதே டிசம்பர் தொடக்கம் மார்ச்தான். உடலைக் காயவிடுறது, சாணை பிடிக்கிறது, எப்பாக்ஸி, பெயின்ட் எல்லாத்துக்கும் அந்தக் காய்ந்த மாதங்கள்தான் வேணும். ஓடுற பருவமும் பூசுற பருவமும் ஒண்டு. கிளம்ப வேண்டிய சனவரியில டெக்கைத் திறந்து வச்சிருந்தா அந்த வருஷம் போச்சு.

ஆகவே முதல் காய்ந்த பருவத்தில, வாங்கின உடனேயே, வெளிவேலை: உடல், டெக், செயின்பிளேட் துளைகள், சீகாக் (உடலைத் துளைக்கிற குழாய்களின்ர வால்வு), சுக்கான். ஏப்ரல் தொடங்கி மழைக்குள்ள உள்வேலை: இன்ஜின், தொட்டி, வயர், குழாய். ஒக்டோபருக்குள்ள மாஸ்டை நிறுத்திப் புது ரிக்கிங் போட்டுத் தண்ணியில இறக்குங்கோ. நவம்பர், டிசம்பர் ரெண்டு மாதமும் பரீட்சார்த்த ஓட்டம். லங்காவிக்கும் புக்கெட்டுக்கும் நடுவில சுமார் 130 கடல் மைல், இடையில தீவுகள் நிறைய. போய்வரக்குள்ள எது உடையுமோ அது அங்க உடையட்டும், யார்டு கிட்ட இருக்கேக்க.

#9 பட்டறை

அமரம் அண்ணன் சொன்ன அட்டவணையோடு ஒன்று சேர்க்கிறேன். காய்ந்த மாதத்திலும் லங்காவிக் காற்றில் ஈரம் அதிகம். பூசும் பரப்பின் வெப்பம் பனிப்புள்ளியை (ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) விடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நாலு மணிக்குப் பிறகும் எப்பாக்ஸி தொடாதீர்கள். மெதுவாக இறுகும் வெப்பமண்டல ஹார்டனர் வாங்குங்கள். சாதாரண வகை வாளியிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும். இறுகிய பின் மேலே மெழுகு போல ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரும் நார்த் தேய்ப்பானும் கொண்டு கழுவ வேண்டும். கழுவாமல் நேரே சாணை பிடித்தால் படலம் உள்ளே இழுபட்டு, அடுத்த பூச்சு ஒட்டாது. அசிட்டோன் இதைக் கரைக்காது.

#10 அமரம்

இனி ரிக்கிங். வயது தெரியாத ரிக்கிங்கை மாத்தியே ஆகவேணும். 10, 12 வருஷத்துக்கு மேற்பட்டதைக் கன காப்புறுதிக் கொம்பனிகள் ஏற்காது, அதுக்குக் காரணம் இருக்கு. வெப்பக் கடலில கம்பியின்ர கீழ் முனையில உள்ள அமுக்குப் பூணுக்குள்ள உப்புத்தண்ணி வடிந்து தேங்கும். ஸ்டெயின்லெஸ் தன் மேல்படலத்தைக் காப்பாற்ற ஒக்சிசன் வேணும். காற்றுப் புகாத ஈர இடுக்கில அது உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியில பளபளக்கும், உள்ள வெடிப்பு.

அதே காரணத்தாலதான் செயின்பிளேட்டும் டெக்கை ஊடுருவி இறங்கிற அந்த ரெண்டு அங்குலத்தில முறியும். ஒண்டு விடாமல் எல்லாத்தையும் கழற்றுங்கோ. போல்ட் துளைகளையும் டெக் மட்டத்தையும் சாயச் சோதனையால பாருங்கோ: நல்லாத் துடைச்சு, சிவப்புச் சாயம் தெளிச்சு, கால் மணித்தியாலம் விட்டு, முழுக்கத் துடைச்சு, வெள்ளைப் பவுடர் தெளிச்சா வெடிப்பு சிவப்புக் கோடாத் தெரியும். கோடு ஒண்டே ஒண்டு தெரிஞ்சாலும் முழு செற்றையும் புதுசா வெட்டுவியுங்கோ. 316எல் வகை ஸ்டெயின்லெஸ், பழையதை விட ஒரு படி தடிப்பு. போல்ட்டும் புதுசு. டெக் துளையைச் சுற்றி நடுச்சத்தைக் குடைஞ்சு எப்பாக்ஸி அடைச்சுப் பிறகு துளை போட்டா, பின்னுக்கு ஒழுகினாலும் சத்து நனையாது.

கம்பிக்கு அமுக்குப் பூண் வேண்டாம், ஸ்டாலொக் மாதிரிக் கையால கழற்றிப் பூட்டுற முனை போடுங்கோ. உங்கட மிக நீளமான கம்பியின்ர நீளத்துக்கு ஒரு உதிரிக் கம்பி, முனை நாலு, உள்கூம்பு எட்டு, இவ்வளவும் படகில இருந்தா நடுக்கடலிலயும் ஒரு ஸ்டேக் கம்பியைப் புதுசாக்கலாம்.

#11 கொண்டல்

சீகாக் பற்றி யாரும் எழுதவில்லையே, அதை நான் எழுதுகிறேன். கடைகளில் "மரைன்" என்று விற்கும் வால்வுகளில் பல வெறும் பித்தளை, துத்தநாகம் நாற்பது சதவீதம் உள்ளது. உப்புத் தண்ணீரில் துத்தநாகம் கரைந்து போய், செம்பு மட்டும் நுரைபோல மிஞ்சும். கத்தியால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அது முடிந்துபோன வால்வு. ஐரோப்பியப் படகுகளுக்கான ஐஎஸ்ஓ 9093 தரமே ஐந்து வருடம் அரிக்காமல் இருந்தால் போதும் என்கிறது, அதனால் "தரச்சான்று உண்டு" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். வெண்கலம், டிஇசட்ஆர் (துத்தநாகம் எளிதில் கரையாத பித்தளை), அல்லது மாரெலான் என்ற நைலான் கலவை, இம்மூன்றில் ஒன்று.

நிறையப் பேர் கவனிக்காத இன்னொன்று: உடலைத் துளைத்து வரும் குழாயின் மரை நேரானது, சாதாரண பந்து (ball) வால்வின் மரை கூம்பானது. இரண்டையும் சேர்த்தால் இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். யாராவது தெரியாமல் மிதித்தால் அந்த இரண்டு மரைதான் கடலுக்கும் உங்களுக்கும் நடுவே. அடித்தட்டோடு வரும் முழு சீகாக் வாங்கி, எப்பாக்ஸி பூசிய அடிப்பலகை மேல் மூன்று போல்ட்டில் பூட்டுங்கள். குழாய்க்கு இரட்டைக் கவ்வி. கவ்வியின் பட்டை மட்டுமல்ல, திருகாணியும் 316ஆக இருக்க வேண்டும். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு சீகாக்கின் கழுத்திலும் அதன் அளவுக்கு ஒரு மரமுளை கயிற்றில் தொங்கட்டும்.

#12 டீசல்_தம்பி

பெர்கின்ஸ் 4-108 பற்றிப் பயம் வேண்டாம். 1.76 லிட்டர், பாகம் இன்னும் கிடைக்கிறது. பின்பக்க ஆயில் சீல் கசிவது அதன் பிறவிக் குணம், அதை மட்டும் வைத்து இன்ஜினை மாற்ற வேண்டாம்.

பார்க்கப் போகும் நாளில் நீங்கள் வரும்வரை இன்ஜினைத் தொடக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லுங்கள். முதலில் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகாததை மறைக்கிறார்கள். ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை இயல்பு, பத்து நிமிடம் கழித்தும் வந்தால் கம்ப்ரஷன் அல்லது இன்ஜெக்டர். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது சுமை அதிகம். கடலோட்டத்தில் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி வெப்பமானியைப் பாருங்கள்.

வாங்கிய பின் கட்டாய வேலை: புகைபோக்கியின் முழங்கை. கடல்நீரும் புகையும் கலக்கும் அந்த இடத்தில் உள்ளே கரி அடைத்து, வெளியே அரித்து இருக்கும். கழற்றிப் பாருங்கள், பாதித் துளைகூட மிஞ்சியிருக்காது. சூடு மாற்றியைக் கழற்றி கடல்நீர் பம்பின் உடைந்த இம்பெல்லர் இதழ்களைத் தேடுங்கள், எப்போதோ உடைந்தவை அங்கேதான் கிடக்கும். கடல்நீர்க் குழாயில் நீர்மட்டத்துக்கு மேல், கடல்நீர் தானாக உள்ளே இழுபடாமல் தடுக்கும் சைஃபன் உடைப்பான் இருக்க வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்தால் கடல்நீர் சீகாக்கை மூடிவிட்டுச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் புகைக்குழாய் நிரம்பித் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும்.

டீசலைப் பற்றி இந்தப் பக்கம் ஒரு தனி விஷயம். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் டீசலில் பாமாயில் பயோடீசல் கலக்கிறார்கள். இந்தோனேசியாவில் 2023இலேயே 35 சதவீதம். பயோடீசல் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் குழாயை இளக்கும், தொட்டியின் அடியில் பல வருடமாக ஒட்டியிருந்த கசடைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். அதுவும் அலையில் படகு ஆடும்போது, அதாவது இன்ஜின் மிகவும் தேவைப்படும் நேரத்தில். அதனால் இரும்புத் தொட்டியைக் கழற்றி அறுத்து எடுத்துவிடுங்கள். எரிபொருள் குழாய் எல்லாம் புதிது, பயோடீசல் தாங்கும் வகை. இரண்டு முதன்மை ஃபில்டர் இணையாக, நடுவே வால்வு: ஒன்று அடைத்தால் ஓடும்போதே மற்றதற்கு மாற்றலாம். அளவு 10 மைக்ரான். 2 மைக்ரான் வேலையை இன்ஜின் மேல் உள்ள ஃபில்டர் பார்க்கட்டும். கிண்ணத்தின் தண்ணீரைத் தினம் பாருங்கள், தொட்டியை நிரப்பியே வையுங்கள்.

#13 நெய்தல்37

தொட்டியைக் கழற்றினால் புதியதை அதே இடத்தில் வைப்பதா?

#14 தண்டயல்

வேண்டாம். எடைக்கணக்கைப் பாருங்கள். 350 லிட்டர் டீசல் அணியத்தில் 300 கிலோ. 10 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு 2.3 கிலோ, 80 மீட்டர் என்றால் 180 கிலோவுக்கு மேல். அதோடு 25 கிலோ நங்கூரம், விண்ட்லஸ் (சங்கிலி இழுக்கும் பொறி). அரை டன் எடை மூக்கில் உட்கார்ந்தால் எதிரலையில் படகு முன்னும் பின்னும் குதித்து நின்றுவிடும், அணியம் அலைக்குள் புதையும். புதுத் தொட்டியை இரண்டாகப் பிரித்து நடுப்பகுதியில் இருக்கைக்குக் கீழே, பில்ஜ் (படகின் அடிப்பள்ளம்) பக்கம், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். மொத்தம் 250 லிட்டர் போதும். சங்கிலியை ஒரு சாய்குழாய் வழியே மாஸ்ட் பக்கம் இழுத்துச் சேமிக்கலாம்.

நங்கூரத்தில் மட்டும் குறைக்காதீர்கள். மாலத்தீவு, அதன் தெற்கே உள்ள சாகோஸ் போன்ற பவளத்திட்டுகளில் 20 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டி வரும். 80 மீட்டர் சங்கிலி, அதன் முனையில் 50 மீட்டர் நைலான் கயிறு. சங்கிலியின் கடைசி முனையைப் படகோடு கயிற்றால் கட்டுங்கள், ஷாக்கிலால் பூட்டாதீர்கள். அவசரத்தில் கத்தியால் அறுத்துவிட்டுப் போக வேண்டும்.

#15 கயல்

மின்சாரம் என் பொறுப்பு. ஒரு நாள் கணக்குப் போட்டேன்: குளிர்பெட்டி 60 ஆம்பியர்-மணி, தானியங்கிச் சுக்கான் 60, கருவிகளும் ஏஐஎஸ்ஸும் (கப்பல்கள் தம் இடத்தை அறிவிக்கும் கருவி) 20, விளக்கு 5, இணையம் 40. மொத்தம் 185. சூரியத் தகடு 600 வாட், லித்தியம் 400 ஆம்பியர்-மணி போதுமா?

#16 மின்னோடி

கணக்கு நன்றாக இருக்கிறது அக்கா. 600 வாட் தகடு, நிழலும் வெப்பமும் கழித்து, நாளுக்கு 140 ஆம்பியர்-மணி தரும், மேகமூட்டத்தில் பாதி. குறையைத் தகடு கூட்டி நிரப்ப வேண்டாம், செலவைக் குறையுங்கள். மின்சாரம் இல்லாமல் காற்றே இயக்கும் தானியங்கிச் சுக்கான் ஒன்று, ஹைட்ரோவேன் அல்லது மானிட்டர், பொருத்தினால் அந்த 60 அப்படியே மறைகிறது. ஹைட்ரோவேனில் தனிச் சுக்கான் உண்டு, படகின் சுக்கான் போனாலும் அது கரை சேர்க்கும். உங்கள் படகின் அமரம் (பின்முனை) கூம்பு வடிவம் என்பதால் பிடிமானத்துக்குத் தனித் தாங்கி செய்ய வேண்டும், ஆர்டர் செய்யும்போதே அளவு அனுப்புங்கள்.

லித்தியத்தில் கெடுவது பேட்டரி இல்லை, ஆல்டர்னேட்டர். ஈய பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கடைசிவரை முழு ஓட்டத்தை இழுக்கும். சாதாரண ஆல்டர்னேட்டர் அந்தச் சுமையில் சூடாகி எரிந்துவிடும். அதோடு லித்தியத்தின் காவல் சுற்றான பிஎம்எஸ் திடீரென்று பேட்டரியைத் துண்டித்தால் மின்னழுத்தம் எகிறி டையோடுகள் போகும். எளிய வழி: ஆல்டர்னேட்டர் ஈய ஸ்டார்ட் பேட்டரியை மட்டும் சார்ஜ் செய்யட்டும், அங்கிருந்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியே லித்தியத்துக்கு.

லித்தியம் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ், அதிகபட்சம் 18 செ.மீ. தூரத்துக்குள். சாதாரண ஃபியூஸ் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தை அறுக்க முடியாமல் வில்லாக எரியும். வயர் முழுக்க வெள்ளீயம் பூசியது. தடிமனைக் கணக்கிட்டு வாங்குங்கள்: விண்ட்லஸ் 90 ஆம்பியர், போக 10 மீட்டர் வர 10 மீட்டர் என்றால் 35 சதுர மி.மீ. வயரிலேயே 0.9 வோல்ட் போகும். அதற்கு மெலிதாகப் போட்டால் மோட்டார் திணறும், வயர் சுடும்.

மலாக்கா நீரிணையில் இடி மின்னல் அதிகம். கையடக்க ஜிபிஎஸ், விஎச்எஃப் வானொலி, ஒரு கைபேசி மூன்றையும் இடி நேரத்தில் அடுப்பின் உலோக அறைக்குள் வைத்து மூடுங்கள்.

#17 தண்டயல்

இருவர் மட்டும் ஓட்டும் படகில் நடப்பது ஒருவர் ஓட்ட, மற்றவர் தூங்குவதுதான். ஆகவே ஒவ்வொரு வேலையையும் தனியாளால், இருட்டில், உடல் வலிமை குறைந்தவரால் செய்ய முடியுமா என்று கேட்டுக்கொண்டே ரீஃபிட் செய்யுங்கள். பாயைத் தாழ்த்திச் சுருக்கும் கயிறுகளை எல்லாம் காக்பிட்டுக்கு (சுக்கான் பிடிக்கும் இடம்) இழுங்கள். பெரிய பாய்க்கு மூன்றாவது ரீஃப் (பாயைச் சுருக்கிக் கட்டும் நிலை) வேண்டும், இரண்டு போதாது. கட்டர் ரிக் என்பதால் உள்பாய் இருக்கிறது, காற்று கூடினால் வெளிப்பாயைச் சுருட்டிவிட்டு உள்பாயும் மூன்றாம் ரீஃபும் வைத்து ஓடலாம். பாய்த்துணியை விட வெப்பமண்டல வெயிலில் முதலில் சாவது தையல் நூல். நகத்தால் கீறுங்கள், நூல் அறுந்தால் பாய் முழுக்க மறுதையல் போட வேண்டும், வெயில் தாங்கும் பிடிஎஃப்இ நூலில்.

ஆள் தண்ணீரில் விழுந்தால் 80 கிலோ ஈர உடலைத் தூக்க வேண்டும். கயல் அதைத் தனியாகச் செய்ய வேண்டி வரலாம். ஹல்யார்டையும் (பாயேற்றும் கயிறு) வின்ச்சையும் (கயிறு இழுக்கும் உருளை) வைத்து, நங்கூரமிட்ட அமைதியான நீரில் உண்மையிலேயே ஒரு முறை தூக்கிப் பாருங்கள். உங்களைப் படகோடு பிணைக்கும் தாங்குபட்டையை விளிம்பில் கட்டாதீர்கள், டெக்கின் நடுவே கட்டுங்கள், விழுந்தாலும் கம்பிவேலிக்கு வெளியே போகாத நீளத்தில்.

இலங்கையின் தென்கோடியான தேவேந்திர முனைக்கு (டொண்ட்ரா) தெற்கே கப்பல் போக்குவரத்து இடைவிடாது இருக்கும். ஏஐஎஸ் கேட்கும் கருவி மட்டும் போதாது, அனுப்பும் கருவியும் வேண்டும். மலாக்கா நீரிணையில் இரவில் விளக்கில்லாத வலைகள் கிடக்கும். உங்கள் நீள்கீலும் அதன் பின்னே ஒளிந்த புரொப்பெல்லரும் அங்கே பெரிய பாதுகாப்பு.

#18 நெய்தல்37

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. பணம் போதாவிட்டால் எதைத் தள்ளிப்போடலாம்?

#19 அமரம்

தண்ணி உள்ள வராமல் தடுக்கிறது, மாஸ்டை நிறுத்தி வைக்கிறது, படகைத் திருப்பிறது, நங்கூரத்தில பிடிச்சு வைக்கிறது, இந்த நாலிலயும் கை வைக்காதீங்கோ. சீகாக், செயின்பிளேட், ரிக்கிங், சுக்கான், நங்கூரம். அதுக்குப் பிறகு எரிபொருள் தொட்டியும் ஃபில்டரும். பிறகு காற்று இயக்கிற சுக்கான், உயிர்காப்புத் தெப்பம், ஈபிர்ப் (செயற்கைக்கோள் வழி ஆபத்துச் சமிக்ஞை அனுப்புற கருவி). இது வரைக்கும் முடியாட்டிக் கிளம்பாதீங்கோ.

உப்புநீக்கி தள்ளிப்போடலாம். ரெண்டு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்குப் பத்து லிட்டர், இலங்கை வரைக்கும் பத்து நாள்தான் எண்டாலும் பாதுகாப்புக்கு இருபது நாளுக்கு 200 லிட்டர் எண்டு வையுங்கோ. தொட்டியில பிடிக்கும், அதோட ரெண்டு தனிக் கலனில 40 லிட்டர். குளிர்பெட்டி, லித்தியம், புது மெத்தை, வெளிப்பெயின்ட் எல்லாம் தள்ளிப்போடலாம். தேக்கு டெக்கைப் பற்றிப் பட்டறையும் தண்டயலும் வாதாடினவை. செயின்பிளேட்டைச் சுற்றியும் மாஸ்ட் காலடியிலயும் மட்டும் தேக்கை எடுத்துச் சத்தை மாத்துங்கோ, மிச்சத்துக்குக் கலப்பத்து.

#20 பட்டறை

அந்தப் பங்கீட்டை நானும் ஏற்கிறேன், பலகை 6 மி.மீ. இருக்கும் பட்சத்தில். சுக்கானில் ஒன்று: அடிமுனையில் 6 மி.மீ. துளை போட்டு ஒரு வாரம் விடுங்கள். தண்ணீர் வடிந்தால் காய்ந்த பின் அடைக்கலாம். துருநிறத்தில் வடிந்தால் உள்ளே தண்டோடு பற்றவைத்த தகடுகள் அரிக்கின்றன, ஒரு பக்கத் தோலை அறுத்துத் திறந்து பார்க்காமல் தண்ணீரில் இறக்காதீர்கள்.

#21 கயல்

இறக்கும் நாளன்று கவனிக்க வேண்டியது?

#22 கொண்டல்

கிரேன் ஆளிடம் முன்பே பேசிவையுங்கள்: தண்ணீரில் இறங்கிய பின் குறைந்தது கால் மணி நேரம் கிரேனின் பட்டை படகைத் தாங்கியே இருக்க வேண்டும். ஒருவர் டெக்கில், ஒருவர் உள்ளே கைவிளக்கோடு. ஒவ்வொரு சீகாக்கையும் திறந்து, காய்ந்த காகிதத்தால் சுற்றித் துடைத்து, ஈரம் ஏறுகிறதா பாருங்கள். புரொப்பெல்லர் தண்டின் அடைப்பு நின்றிருக்கும்போது சொட்டக் கூடாது, சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். விழவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம், தண்டு சூடாகித் தேயும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா பார்த்த பிறகே பட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, அன்று இரவு படுக்கும் முன் ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை பில்ஜைத் திறந்து பாருங்கள். புது ரிக்கிங் முதல் சில ஓட்டத்தில் நீளும், ஒரு வாரம் கழித்து ரிக்கரை மறுபடி கூப்பிட்டு இறுக்கிக்கொள்ளுங்கள்.